வாய் எழுத்துக்கூட்டிப் பேசுவதில்லை

'அப்பா வந்தார்' என்று இயல்பான வேகத்தில் சொல்லுங்கள். அதைக் கைபேசியில் பதிவுசெய்து, ஒலியலையைத் திரையில் விரித்துப் பாருங்கள். எழுதும்போது இரண்டு சொற்களுக்கும் நடுவே இடம் விடுகிறோம் அல்லவா? அலையில் அந்த இடத்தில் இடைவெளியே இருக்காது. 'பா'வின் ஆகாரம் அப்படியே வழிந்து வகரத்துக்குள் போயிருக்கும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் கோடு அசைவில்லாமல் நேராகக் கிடக்கும். அது 'அப்பா'வின் நட்ட நடுவில், உதடுகள் மூடி நிற்கும் இடத்தில். அங்கேதான் நாம் இரண்டு எழுத்து எழுதுகிறோம்.

பேச்சொலிகளைப் படிக்கும் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. எழுதப் படிக்கக் கற்ற எவருக்கும், பேச்சு என்பது எழுத்துகளை முத்து மாதிரி ஒவ்வொன்றாகக் கோத்த மாலை என்றே தோன்றும். அந்த எண்ணத்தை வாயும் காதும் சேர்ந்து எப்படிக் கலைக்கின்றன என்பதுதான் கடந்த முக்கால் நூற்றாண்டில் இத்துறை கண்ட சுவையான கதை.

முதலில் குரல் பிறக்கும் இடம். நுரையீரலிலிருந்து மேலேறும் காற்றை, குரல்வளையில் இருக்கும் இரண்டு சிறிய சதை மடிப்புகள் மறிக்கின்றன. இவைதான் குரல்நாண்கள். கீழே அழுத்தம் கூடியதும் காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. மடிப்புகளின் மீள்தன்மையும் காற்றோட்டமும் சேர்ந்து அவற்றைத் திரும்ப மூடுகின்றன. ஆண்களுக்கு இது நொடிக்கு 100 முதல் 130 முறை நடக்கும். பெண்களுக்கு ஏறத்தாழ 200, சிறு குழந்தைகளுக்கு 300-ஐ ஒட்டி. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக நரம்புக் கட்டளை அனுப்புகிறது என்று 1950 வாக்கில் ரவூல் ஹுசோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் வாதிட்டார். அது நிற்கவில்லை. காற்றும் தசையின் மீள்தன்மையுமே போதும் என்று வான் டென் பெர்க் 1958-ல் விளக்கினார். மூளையின் வேலை மடிப்புகளை நெருக்கி, இழுத்து, தளர்த்தி வைப்பதோடு சரி.

இங்கே பிறப்பது வெறும் ரீங்காரம். அதில் ஆகாரமும் இல்லை, ஈகாரமும் இல்லை. அவை தொண்டையிலும் வாயிலும்தான் உருவாகின்றன. வளர்ந்த ஆண் ஒருவரின் குரல்வளையிலிருந்து உதடு வரையான பாதை சுமார் 17 செ.மீ. ஒருபக்கம் மூடி மறுபக்கம் திறந்த அந்த நீளக் குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் ஒத்ததிரும். ரீங்காரத்தில் இருக்கும் எத்தனையோ அதிர்வெண்களில் இவற்றை ஒட்டியவை ஓங்கி ஒலிக்கும், மற்றவை அமுங்கும். நாக்கை உயர்த்தினாலும் உதட்டைக் குவித்தாலும் குழாயின் வடிவம் மாறுகிறது, ஓங்கி ஒலிக்கும் இடங்களும் நகர்கின்றன. 1952-ல் பீட்டர்சன், பார்னி இருவரும் அமெரிக்க ஆண்களிடம் அளந்த சராசரியில், ஈகாரத்தின் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் 270, 2290 ஹெர்ட்ஸ். ஆகாரத்துக்கு 730, 1090. ஊகாரத்துக்கு 300, 870. இரண்டே எண்கள் ஓர் உயிரொலியைக் கிட்டத்தட்ட அடையாளம் காட்டிவிடுகின்றன.

ரீங்காரம் வேறு, வடிவம் வேறு என்பதற்கு ஆய்வுக்கூடமே தேவையில்லை. கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை. வெறும் காற்றிரைச்சல்தான் வாய்க்குள் போகிறது, ஆனாலும் 'ஆ'வையும் 'ஈ'யையும் பிரித்துக் கேட்கிறோம். ஹீலியம் வாயுவை இழுத்துப் பேசுபவரின் கீச்சுக்குரலுக்கும் இதுதான் விடை. அவருடைய குரல்நாண்கள் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே அதிர்கின்றன. ஹீலியத்தில் ஒலி வேகமாகப் போவதால் ஒத்ததிர்வுகள் மேலே ஏறிவிடுகின்றன, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல். குழந்தையின் வாய் சின்னது, ஆகவே அதன் ஒத்ததிர்வுகள் எல்லாமே உயரத்தில் இருக்கும். பீட்டர்சனும் பார்னியும் ஆண், பெண், குழந்தை என்று 76 பேரின் அளவுகளை ஒரே படத்தில் புள்ளிகளாக வைத்தபோது, ஒருவரின் ஓர் உயிரொலி இன்னொருவரின் வேறோர் உயிரொலிமேல் போய் விழுந்தது. அப்படியானால் காது எதைப் பிடித்துக்கொள்கிறது? பீட்டர் லேடஃபோகட், டொனால்ட் பிராட்பென்ட் இருவரும் 1957-ல் இதைச் சோதித்தார்கள். செயற்கையாகச் செய்த ஒரே சொல்லை, முன்னால் வரும் வாக்கியத்தின் ஒத்ததிர்வுகளை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். சொல்லில் எந்த மாற்றமும் இல்லை. கேட்டவர்களோ ஒருமுறை இகரத்தையும் ஒருமுறை எகரத்தையும் கேட்டார்கள். பேசுகிறவரின் வாயை முதல் சில அசைகளிலேயே காது எடைபோட்டுவிடுகிறது.

உயிரொலிகளாவது நின்று பிடிகொடுக்கும். வல்லினம் அதுவும் செய்யாது.

அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில், இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், பார்வையற்றோருக்கு அச்சிட்ட நூலை வாசித்துக்காட்டும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். திட்டம் எளிமையானது: ஓர் எழுத்துக்கு ஓர் ஓசை. ஆனால் எவ்வளவு பழகியும் கேட்பவர்களால் வேகம் பிடிக்க முடியவில்லை. சற்று விரைவாக ஒலித்தாலே தனித்தனி ஓசைகள் கலங்கி ஒரே இரைச்சலாயின. இத்தனைக்கும் சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகள் வருகின்றன, நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. பேச்சு அப்படி என்ன மாயம் செய்கிறது?

விடை தேட அவர்கள் செய்த கருவி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒலியைப் படமாக மாற்றும் கருவி அப்போது வந்துவிட்டது. ஃபிராங்க்ளின் கூப்பர் அதைத் தலைகீழாக்கினார்: தூரிகையால் வரைந்த படத்தை அவருடைய இயந்திரம் ஒலியாக வாசிக்கும். ஒரு கோட்டைச் சற்று வளைத்து வரைந்து, எந்த மெய்யொலி கேட்கிறது என்று பார்க்கலாம். கூப்பர், ஆல்வின் லிபர்மன், பியர் டெலாட்ர் மூவரும் 1,440 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சிறு வெடிப்பை வரைந்து, அதன்பின் வெவ்வேறு உயிரொலிகளை வைத்தார்கள். ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் முன்னால் அந்த வெடிப்பு பகரமாகக் கேட்டது. ஆகாரத்துக்கு முன்னால் அதுவே ககரம்!

இதன் மறுபக்கமும் உண்டு. ஆங்கில உச்சரிப்பில் 'டி' சொல்லும்போது இரண்டாம் ஒத்ததிர்வு கீழிருந்து மேலே ஏறுகிறது. 'டு' சொல்லும்போது மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தத் துணுக்கை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்டால், ஒன்று ஏறும் கீச்சொலி, மற்றது இறங்கும் கீச்சொலி. டகரம் எங்குமே இல்லை. உயிரொலியோடு சேர்த்து ஒட்டிவிட்டால் இரண்டிலும் ஒரே டகரம் வந்துவிடுகிறது.

காரணத்தை ஒரு கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிடலாம். 'கூ' சொல்லத் தயாராகி, ஒலி எழுப்பும் முன்பே நிறுத்துங்கள். உதடுகள் ஏற்கனவே குவிந்திருக்கும். இப்போது 'கீ'. உதடுகள் விரிந்திருப்பதோடு, நாக்கு அண்ணத்தைத் தொடும் இடமும் சற்று முன்னுக்கு நகர்ந்திருக்கும். ககரம் பிறக்கும் முன்பே ஊகாரம் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாக்கு, உதடு, மெல்லண்ணம் எல்லாம் அடுத்த ஒலிக்கும் அதற்கடுத்த ஒலிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அலையின் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று ஒலிகளைப் பற்றிய செய்தி இருக்கிறது. அதனால்தான் அந்த வேகம் நமக்குச் சுமையாவதில்லை.

காலக்கணக்கும் இதில் சேரும். உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே உள்ள நேரத்தை லீ லிஸ்கரும் ஆர்தர் ஆபிரம்சனும் 1964-ல் 11 மொழிகளில் அளந்தார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தில் உதடு திறந்ததும் ஏறக்குறைய உடனே அதிர்வு வந்துவிடும். ஆங்கிலத்தின் வலிய பகரத்திலோ ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் மேலே காத்திருக்கும்; இடையில் மூச்சு மட்டும் சீறும். அவர்களுடைய மெலிந்த பகரம், அதாவது 'பஸ்' என்பதன் முதலொலி, பல சமயம் நம் வலிய பகரத்தின் காலக்கணக்கில்தான் விழுகிறது. நாம் அழுத்தமாக 'பால்' என்று சொன்னாலும் அவர்கள் காதுக்கு அது மெலிந்து கேட்பதில் வியப்பில்லை. நாமும் இதே போன்ற காரியம் செய்கிறோம். 'காடு', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் வருவது மூன்று வெவ்வேறு ஓசைகள். தமிழ்க்காதுக்கு எல்லாமே ககரம்தான்.

பிறக்கும்போதே காது இப்படியா? இல்லை. இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் பெரும்பாலும் பிரித்துக் கேட்பதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பிரித்துக் கேட்கின்றன என்று ஜானெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-ல் காட்டினார்கள். 10 முதல் 12 மாதம் ஆகும்போது அந்தத் திறமை வெகுவாகக் குறைந்திருந்தது. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளிடம் அது குறையவில்லை. பேசத் தொடங்கும் முன்பே எதைக் கவனிக்க வேண்டாம் என்று குழந்தை முடிவுசெய்துவிடுகிறது.

பெரியவர்களால் அந்தக் கதவை மறுபடி கொஞ்சம் திறக்க முடியும். ஆங்கிலத்தின் ரகரத்தையும் லகரத்தையும் பிரிக்கத் தடுமாறும் ஜப்பானியர்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பலருடைய குரல்களில் சொற்களைக் கேட்டுப் பழகியவர்கள், முன்பின் கேட்டிராத குரலிலும் ஓரளவு தேறினார்கள். ஒரே ஆளின் குரலில் பழகியவர்களும் முன்னேறத்தான் செய்தார்கள், ஆனால் அந்த ஒருவர் பேசும்போது மட்டும். புதிதாக இன்னொருவர் பேச வந்ததும் பழைய தடுமாற்றம் திரும்பிவிட்டது.