ஸ்வயம் பாடங்களுக்குக் கிரெடிட்: மாணவர் உரிமையும் கல்லூரியின் கடமையும்

ஒரு விருப்பப் பாடத்தை நடத்தத் தகுந்த ஆசிரியர் தம் கல்லூரியில் இல்லை என்பதற்காக மாணவர் அந்தப் பாடத்தையே கைவிட வேண்டியதில்லை. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் அதைப் படித்துத் தேர்ச்சி பெற்று, உரிய கிரெடிட்டை (பாடத்தின் அளவுக்கேற்பத் தரப்படும் மதிப்பு அலகை) பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு வழிசெய்துள்ளது. 2016ஆம் ஆண்டு விதிமுறை ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 விழுக்காடு வரை இதற்கு இடம் தந்தது. 2021இல் அந்த வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது.

இதில் மாணவர்கள் பலரும் கவனிக்காத பகுதி, கல்லூரிக்கு விதிக்கப்பட்டுள்ள கடமையாகும். இணையப் பாடத்தை அனுமதிக்கும் கல்லூரி, அதற்குத் தேவையான கணினி, ஆய்வகம், நூலகம் ஆகிய வசதிகளைக் கட்டணமின்றிப் போதிய அளவில் தர வேண்டும். மாணவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரையும் நியமிக்க வேண்டும். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தோ பேருந்தில் வந்துபோகும் மாணவிக்கு, வகுப்புகள் முடிந்தபின் திறக்கும் கணினி அறையால் பயனில்லை. ஆகவே, கால அட்டவணைக்குள்ளேயே இதற்கென வாரம் சில மணி நேரத்தை ஒதுக்குவதுதான் இக்கடமையை முறையாக நிறைவேற்றுவதாகும் என்பது என் உறுதியான கருத்து. கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது போதாது.

பதிவு செய்வதற்கு முன்பே ஒப்புதலை உறுதிசெய்துகொள்வது மிக முக்கியம். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற, தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியில் அதன் கல்விக்குழுவே பாடத்தை ஏற்கலாம்; சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்ற கலை, அறிவியல் கல்லூரிகளில் பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிகளைப் பார்க்க வேண்டும். எந்தத் தாளுக்கு ஈடாக அந்தப் பாடம் ஏற்கப்படுகிறது என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் பெறாமல் படித்தால், கையில் சான்றிதழ் இருக்கும், கிரெடிட் இருக்காது.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூட்டாக நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் திட்டத்தின் பாடங்கள் ஸ்வயம் தளத்தில் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்பது அவற்றின் கிரெடிட் கணக்கு. வாரந்தோறும் தரப்படும் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிக்கப்பட்டுள்ளது. முன்னதில் 10உம் பின்னதில் 30உம் தனித்தனியே பெற்றால்தான் தேர்ச்சி. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளே கணக்கில் கொள்ளப்படுவதால், இடையில் ஒரு வாரம் தவறினாலும் ஈடுகட்டிவிடலாம். சில பாடங்களின் விரிவுரை எழுத்து வடிவில் தமிழிலும் கிடைக்கிறது.

பாடத்தைப் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வுக்குத் தனியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அதன் கடைசி நாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்துவிடும் என்பதால், சேர்ந்த அன்றே அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.