எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, முட்டி ஏன் ஆடுகிறது?

முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் புண் ஆறிவிடும், காலும் நன்றாக மடங்கும். ஆனால் படி இறங்கும்போது முட்டி நழுவுவது போலிருக்கும், அடிக்கடி நீர் கோத்து வீங்கும். எக்ஸ்ரேயில் ஒரு குறையும் தெரியாது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் எல்லாருக்கும் பலிப்பதில்லை.

செயற்கை முட்டியில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் உலோக உறைகள், நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டு. முட்டிக்குள் இரு எலும்புகளையும் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநாரைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அதன்பின் மூட்டு பக்கவாட்டில் ஆடாமல் பிடித்திருப்பவை முக்கியமாக இருபுறத் தசைநார்கள்தான். கால் நீட்டியிருக்கும்போது தட்டின் மேல் உட்காருவது தொடை எலும்பின் அடிப்பக்கம். 90 டிகிரி மடக்கினால் அதன் பின்பக்கம். ஆக, எலும்புகளுக்கு நடுவே சரிபார்க்க வேண்டிய இடைவெளிகள் இரண்டு: நீட்டும்போது ஒன்று, மடக்கும்போது ஒன்று. பின்பக்க எலும்பை அதிகமாகச் செதுக்கினாலோ, சிறிய அளவு உறையைப் பொருத்தினாலோ மடக்கும்போது மட்டும் மூட்டு தொளதொளவென்று ஆகிவிடும். வழக்கமான எக்ஸ்ரே காலை நீட்டி நிற்கவைத்து எடுப்பது. அதில் இது எப்படித் தெரியும்? நோயாளியைக் கால் தொங்க உட்காரவைத்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

வேறு காரணங்களும் உண்டு: எடுக்காமல் விட்ட பின்சிலுவைத் தசைநார் பிற்பாடு அறுவது, தட்டு தேய்வது, அறுவையின்போது உட்பக்கத் தசைநார் காயப்படுவது. போலியோவால் தொடைத்தசை பலவீனமானவர்களுக்கு முட்டி பின்னோக்கி வளையலாம்.

வீக்கமும் வலியும் கிருமித்தொற்றாலும் வரும் என்பதால், ரத்தப் பரிசோதனையும் மூட்டு நீர்ப் பரிசோதனையும் செய்து முதலில் அதை விலக்க வேண்டும். லேசான ஆட்டமென்றால் தொடைத்தசைப் பயிற்சியும் முட்டிப் பட்டையும் கைகொடுக்கலாம்.

அதில் தீராவிட்டால் மறு அறுவை. தட்டை மட்டும் தடிமனாக மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். தட்டு இரண்டு இடைவெளிக்கும் பொது. மடக்கும்போது இருக்கும் தொளதொளப்பை அதைக் கொண்டு நிரப்பினால், அப்புறம் காலை முழுதாக நீட்ட முடியாது. இரண்டும் ஒரே அளவு தளர்ந்திருந்தால்தான் இந்தச் சுலப வழி பலிக்கும். இல்லையென்றால் தொடை உறையையே பெரிதாக மாற்றி, பின்புறம் உலோகத் துண்டு வைத்து ஈடுகட்ட வேண்டும்.

பக்கத் தசைநாரே போய்விட்டால், பக்கவாட்டு ஆட்டத்தைத் தானே தடுக்கும் வகை மூட்டு. அதுவும் போதாதென்றால் கீல் போட்ட மூட்டு. அவ்வளவு உறுதியானதை முதலிலேயே எல்லாருக்கும் பொருத்துவதில்லை. தசைநார் தாங்க வேண்டிய விசையெல்லாம் எலும்பும் உறையை அதில் ஒட்டவைக்கும் சிமென்ட்டும் சேருமிடத்தில் இறங்கி, நாளடைவில் மூட்டே கழன்றுபோகும் வாய்ப்பு கூடுகிறது.