விவாகரத்து: சொத்தில் பாதி கிடைக்குமா?

விவாகரத்து ஆனால் கணவர் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கோவாவைத் தவிர, இந்தியச் சட்டத்தில் அப்படியொரு விதியே இல்லை. பொதுவாக, பத்திரம் யார் பெயரிலோ, வீடு அவருக்கே. கூட்டாக வாங்கியிருந்தால் உங்கள் பங்கைக் கேட்கலாம். கணவர் பெயரிலுள்ள வீட்டுக்கு நீங்கள் பணம் போட்டிருந்தால், வங்கிக் கணக்கு விவரம், நகையை அடகு வைத்த ரசீது என ஒரு தாளையும் தொலைத்துவிடாதீர்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. அருமையான தீர்ப்பு. ஆனால் எல்லா வழக்கிலும் அப்படியே கிடைத்துவிடாது.

தாய்வீட்டு நகையும் சீரும் முழுக்கப் பெண்ணுடையவை. கணவர் வீட்டார் வைத்திருந்தால் திருப்பித் தந்தே ஆக வேண்டும்.

ஜீவனாம்சத்துக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கைச் சட்டம் வகுக்கவில்லை. இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. அதனால் 'பேசி முடிக்கலாம்' என்று மாதக்கணக்கில் காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளில் கணவரும் கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்க உதவிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144 ஆகிவிட்டது. அதில் எந்த மதத்து மனைவியும் மனு போடலாம். விவாகரத்தான பெண்ணுக்கும் மறுமணம் செய்யும்வரை அந்த உரிமை உண்டு.

குழந்தையின் செலவு தனிக் கணக்கு. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பரஸ்பர சம்மத மனுவில் 'எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்' என்று கையெழுத்துப் போடும் தாய்மார்களை நினைத்தால் மனம் கனக்கிறது. உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களால் முடியாது. பின்னாலும் கேட்கலாம். அம்மா சம்பாதித்தாலும் அப்பாவின் பொறுப்பு தீராது.

உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால், 144-இன் கீழ் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிடுங்கள். தராதவரைச் சிறைக்கும் அனுப்பலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100-க்கும் அழைக்கலாம்.