சில்லென்ற மூக்கும் சூடு பார்க்கும் குழியும்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போயிருக்கும் வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். மதுரைக்காரர். விடியற்காலையில் வீட்டு நாயை நடக்கக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் நாயைப் 'பாம்புப் பயிற்சி'க்கு அழைத்துப் போனார்களாம், இவர்களையும் வரச் சொன்னார்களாம். நம்ம ஊரில் பாம்பு வந்தால் நாய்தானே குரைத்து வீட்டைக் காப்பாற்றும், இங்கே நாயைப் பாம்பிடமிருந்து காப்பாற்ற நாம் காசு கட்ட வேண்டுமா என்று கேட்கிறார். கூடவே, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் விஷமுறிவு மருந்து வாங்கிவரச் சொல்லலாமா என்றும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். எந்தப் பாம்பின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்களோ, அந்த விஷத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்தான் குதிரையின் ரத்தத்தில் உருவாகும். நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கானது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷமும் இந்த நான்கினுடையதுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய ஒரு குழிவிரியன் இருக்கிறது. அதன் கடிக்கே அந்த மருந்து கேட்பதில்லை. அரிசோனா பாம்புக்கு எங்கே கேட்கும்?

சரி, அந்தப் பாம்புக்கு வருவோம். ராட்டில்ஸ்நேக் என்று அவர்கள் சொல்லும் கிலுகிலுப்பைப் பாம்பு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அரிசோனா மாநிலத்தில் மட்டும் 13 வகைகள். வால் நுனியில் நம் நகத்தின் அதே பொருளாலான வளையங்கள், சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். வளையத்தை எண்ணி வயதைச் சொல்லலாம் என்பது தவறு. ஒரே வருஷத்தில் பலமுறை சட்டை உரியும், பழைய வளையங்கள் உடைந்தும் போகும். இந்தச் சத்தத்தில் ஒரு தந்திரம் இருப்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். ஆள் நெருங்க நெருங்கப் பாம்பு ஆட்டும் வேகத்தைச் சீராகக் கூட்டுகிறது. நொடிக்கு 40 முறை அளவுக்கு வந்ததும் திடீரென 60-க்கு மேல் தாவிவிடுகிறது. அதுவரை தூரத்தில் கேட்ட பாம்பு காலடிக்கே வந்துவிட்டதுபோல மனிதக் காதுக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சத்தத்தை நம்பி நாயை அவிழ்த்துவிடக் கூடாது. கிலுகிலுப்பைப் பாம்பு பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகப் பேசாமல் கிடக்கவே பார்க்கும். அப்போதுதான் பிறந்த குட்டிக்கோ வாலில் ஒரே ஒரு குமிழ்தான். மோதிச் சத்தம் எழுப்ப இரண்டாவது வளையமே இல்லை. அப்படியே சத்தம் வந்தாலும், நமக்கு எச்சரிக்கையாகக் கேட்பது நாய்க்கு 'இங்கே ஏதோ இருக்கிறது, வந்து பார்' என்று கேட்கலாம். புதரில் எது சலசலத்தாலும் முதலில் மூக்கைக் கொண்டுபோய் நுழைப்பதுதானே நாயின் குணம்? கடிபட்டு வரும் நாய்களுக்குக் காயம் பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ இருப்பது இதனால்தான்.

இந்த மூக்கைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

நாயின் மூக்கு நுனி ஏன் எப்போதும் சில்லென்று இருக்கிறது? ஈரம் ஆவியாவதால் என்பது பள்ளிக்கூடப் பதில். அது எப்படிக் குளிர்கிறது என்பதைச் சொல்கிறது, எதற்கு என்பதைச் சொல்லவில்லை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் ஹங்கேரி ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-இல் ஒரு விடை தந்தார்கள். பார்வைக்கும் வாசனைக்கும் ஒன்றேபோல் இருக்கும் இரண்டு பொருள்களில், லேசாகச் சூடான ஒன்றை நாய்கள் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்தே சரியாகத் தேர்ந்தெடுத்தன. அந்தக் குளிர்ந்த மூக்கு நுனி, வெதுவெதுப்பான உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரை உணர்கிறது. ஓநாயின் வாரிசுக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. புல்லுக்குள் பதுங்கியிருக்கும் முயல் வெதுவெதுப்பானது.

பாம்பு அப்படி இல்லை. தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர் அது. விடியற்காலை மண் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதுவும். நாயின் வெப்பமானிக்கு அது இன்னொரு கல்.

எதிர்ப்பக்கம் நிலைமையே வேறு. கிலுகிலுப்பைப் பாம்பு குழிவிரியன் குடும்பம். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள். இவை எதற்கு என்று ரொம்ப காலம் யாருக்கும் விளங்கவில்லை. காது என்றார்கள், மோப்ப உறுப்பு என்றார்கள். 1937-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பாம்பின் கண்ணைக் கட்டிவிட்டு, துணி சுற்றிய மின்பல்புகளை அதன் முன் ஆட்டிப் பார்த்தார்கள். குளிர்ந்த பல்பை அது சட்டை செய்யவில்லை, சூடான பல்பை நோக்கிப் பாய்ந்தது. 1952-இல் தியோடர் புல்லக்கும் ரேமண்ட் கவுல்ஸும் குழியிலிருந்து கிளம்பும் நரம்பிலேயே மின்துடிப்பை அளந்து விஷயத்தை உறுதி செய்தார்கள். குழி வெப்பத்தைப் பார்க்கிறது.

குழியின் அமைப்பு அத்தனை அழகு. உள்ளே அடியோடு ஒட்டாமல், முன்னும் பின்னும் காற்று இருக்கும்படி அந்தரத்தில் ஒரு சவ்வு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றரைப் பங்கு. தடித்த தோலைச் சுட வைக்க நேரமாகும், அப்பளம் உடனே சூடாகிவிடும் அல்லவா? அதே கணக்கு. மிகச் சிறிய வெப்பக் கதிர் பட்டாலும் சவ்வு அந்தக் கணமே சூடேறும். ஆனால் சூடேறியது அப்படியே நின்றுவிட்டால் அடுத்த காட்சியைப் பார்ப்பது எப்படி? அதற்காகச் சவ்வு முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்ப் பின்னல். ஓடும் ரத்தம் சூட்டை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போய்ப் பலகையைத் துடைத்து வைக்கிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு மாறினால்கூட நரம்பு துடிப்பை மாற்றுகிறது.

அந்த நரம்பு எது தெரியுமா? நம் முகத்தில் தொடுவுணர்வையும் பல்வலியையும் மூளைக்குக் கொண்டுபோகிறதே, அதே நரம்பு. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழு கிலுகிலுப்பைப் பாம்பின் அந்த நரம்புச் செல்களையும் முதுகெலும்பை ஒட்டிய நரம்புச் செல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே ஒரு மரபணு மட்டும் முகத்துச் செல்களில் சுமார் 400 மடங்கு அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தது. டிஆர்பிஏ1 என்ற புரதவாயிலுக்கான மரபணு அது. செல்லின் மேல்சுவரில் திறந்து மூடும் கதவு இந்தப் புரதவாயில். நம்மிடமும் இருக்கிறது. பச்சைக் கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அதை உணர்த்துவது இதுதான். நம்மிடம் கடுகுக்குத் திறக்கும் கதவு, பாம்பிடம் 28 டிகிரி வாக்கில் சூட்டுக்குத் திறக்கிறது. இயற்கை புதுக்கதவு செய்யவில்லை, இருந்த கதவுக்கே கீலை மாற்றிப் போட்டிருக்கிறது.

குழியின் வாய் அகலமாக இருப்பதால் சவ்வில் விழும் உருவம் மசமசவென்றுதான் இருக்கும். அதை மூளை சரிசெய்து, கண் பார்த்த காட்சியின் மேலேயே பொருத்திக்கொள்கிறது. குழிக்கு முக்கியம் சூடு அல்ல, வித்தியாசம். பின்னணியைவிடச் சூடாக இருந்தாலும் தெரியும், குளிர்ச்சியாக இருந்தாலும் தெரியும். இப்போது அந்த விடியற்காலையை யோசித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பாலைவன மண். அதன்மேல் வெதுவெதுப்பாக ஒரு பெரிய முகம். அதன் நட்டநடுவில் சில்லென்று ஒரு புள்ளி. என் கற்பனைதான், ஆனாலும் அந்த மூக்கு பாம்புக்குப் பொட்டு வைத்ததுபோலத் தெரியாதா? பாம்பு கொத்தி முடிக்கப் பத்தில் ஒரு நொடிகூட ஆகாது. நாம் கண்ணிமைப்பதற்கு அதைவிட நேரம் பிடிக்கும்.

இந்தக் குழியை ஏமாற்றும் பிராணி ஒன்று உண்டு, ஆனால் அது நாய் இல்லை. கலிஃபோர்னியாவின் தரை அணில், கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்டால் வாலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடாக்கி ஆட்டும். பாம்புக்கு அணில் திடீரென்று பெரிதாகத் தெரியும். வெப்பக்குழி இல்லாத வேறொரு பாம்பு வந்தால் வாலை ஆட்டும், சூடாக்காது. 2007-இல் இதைப் படித்தபோது அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பாம்பு முகத்துக் குழியை ஆராய்வதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். உடல் எப்படிச் சூட்டையும் தொடுகையையும் உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. வலிக்குப் புது மருந்து தேடுகிறவர்கள் இன்று தட்டும் கதவுகளில் அந்தக் கடுகுக் கதவும் ஒன்று.

விஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது ஒரு பொருள் அல்ல, நொதிகளின் கலவை. சில நொதிகள் ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும், சில ரத்தம் உறையத் தேவையான புரதத்தைத் தின்று தீர்க்கும், சில தசையைக் கரைக்கும். மொஹாவே வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் பலவற்றிடம் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நச்சும் உண்டு. கடிபட்ட நாயின் ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்த்தால், வழவழப்பான சிவப்பணுக்கள் நெருஞ்சிமுள்போல முள்முள்ளாக மாறியிருப்பது சில மணி நேரத்திலேயே தெரியும். பாம்பு கடித்ததா வேறு ஏதாவதா என்ற சந்தேகத்தைக் கால்நடை மருத்துவர் இதை வைத்துத் தீர்த்துக்கொள்வதுண்டு.

இனி அந்தப் பயிற்சி. உண்மையான பாம்பையே கொண்டுவருவார்கள். வாயைக் கட்டியோ வலைக்கூண்டில் வைத்தோ இருக்கும். நாய் ஆசையாக மூக்கை நீட்டும் சரியான கணத்தில் கழுத்துப்பட்டையிலிருந்து சுரீரென்று ஒரு மின்னதிர்ச்சி. பாம்பின் வாசனை, உருவம், சத்தம் மூன்றையும் தனித்தனியாக இப்படி வலியோடு முடிச்சுப் போடுவார்கள். மின்னதிர்ச்சி இல்லாமல், பாம்பு வாசனை வந்தால் திரும்பி ஓடிவா, தின்பண்டம் தருகிறேன் என்று பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் மனம் இவர்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பல நாள் பொறுமை வேண்டும். எந்த வழியானாலும், ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டு நாய்களைப் பழக்கிக் காட்டிய ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவின் பழைய பாடம்தான். புதுப்பிக்காவிட்டால் மறந்தும் போகும், அதனால் பாம்புக் காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கொரு முறை திரும்பச் செய்யச் சொல்வார்கள். நாய் கற்றுக்கொண்டது பாம்புக்குப் பயப்படவா, அந்தப் பயிற்சியாளருக்குப் பயப்படவா என்பதையும் வேறோர் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆக, முதல் கேள்விக்கு என் பதில்: வாசலிலேயே பாலைவனம் என்றால் காசு கட்டலாம்.

தடுப்பூசியும் ஒன்று வந்தது. முதுகில் வைர வடிவக் கட்டங்கள் கொண்ட மேற்கத்திய வகையின் விஷத்தை வைத்து நாய்களுக்கென்றே செய்தது. 2015-இல் வெளியான எலிச் சோதனையில் அதே வகைப் பாம்பின் விஷத்துக்கு எதிராகப் பலன் தெரிந்தது. தெற்குப் பசிபிக் என்ற வேறொரு வகைக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்துக்கு எதிராகக் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. கடிபட்டு வந்த நாய்களின் மருத்துவக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோதும் தெளிவான நன்மை தெரியவில்லை. நானாக இருந்தால் அந்தக் காசை மருத்துவச் செலவுக்கு எடுத்து வைப்பேன். விஷமுறிவு மருந்து ஒரு குப்பியே பல நூறு டாலர். நாய்க்கு இவ்வளவா என்று தோன்றும்போது என் மனம் வேறு கணக்குக்குப் போகிறது. அமெரிக்காவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 5 பேர் இறக்கிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான சராசரி, ஆண்டுக்கு 58,000. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்ததே 2017-இல்தான். பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆராய்ச்சியும் இருக்கிறது.

பாம்பு வராமல் தடுக்க வாசலில் சிறியாநங்கை நடுவது, ஆகாசகருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடுவதெல்லாம் நம்ம ஊர் நம்பிக்கை. அமெரிக்க மாடு மேய்ப்பர்களும் சளைத்தவர்கள் இல்லை. படுக்கையைச் சுற்றிக் குதிரைமயிர்க் கயிற்றைப் போட்டுக்கொண்டால் பாம்பு அதைத் தாண்டாது என்று நம்பினார்கள். பாம்பு தாராளமாகத் தாண்டும். கடைகளில் கிடைக்கும் கந்தக, நாப்தலின் தூள்களுக்கும் அது அசையாது. நாப்தலின் உருண்டை நாய்க்கே விஷம். வேலை செய்வது அலுப்பூட்டும் விஷயங்கள்தான்: எலி சேராமல் தோட்டத்தைச் சுத்தமாக வைப்பது, பறவைக்குப் போட்ட தானியம் தரையில் சிந்தாமல் பார்ப்பது, அடிப்பக்கம் மண்ணுக்குள் புதைத்த நெருக்கமான கம்பிவலை, அப்புறம் நடக்கும்போது நீளாத குட்டைக் கயிறு.

கடித்துவிட்டால்? கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்கவே கூடாது. முகமும் கழுத்தும் வீங்கும் என்பதால் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, எந்த மருத்துவமனையில் மருந்து இருப்பில் இருக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். மருந்து இனிமேல் நடக்கப்போகும் சேதத்தைத்தான் தடுக்கும், அழிந்த தசையை மீட்டுத் தராது.

இன்னொன்று, அம்மா. வழியில் செத்த பாம்பு கிடந்தாலும் நாயை முகர விடாதீர்கள். 1999-இல் உங்கள் ஃபீனிக்ஸ் நகர மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கிலுகிலுப்பைப் பாம்பு கடித்து வந்த 34 பேரில் 5 பேரைக் கடித்தது, செத்துவிட்டது என்று அவர்கள் நினைத்த பாம்பு. உடலிலிருந்து துண்டான தலைகூட அதன்பிறகு வெகுநேரம் கடிக்கும். வெதுவெதுப்பாக ஒரு முகம் குனிந்து வந்தால் போதும்.