பாட்டு நோட்டும் வாரிசுகளும்

சில வருஷம் முன்பு கடலூர் முதுநகரில் ஒரு வீட்டில், மறைந்த நாடகப் பாடலாசிரியர் ஒருவரின் மூத்த மகன் பழைய நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். "அப்பா முடிக்காமப் போயிட்டாங்க சார். நீங்கதான் மெட்டுப் போட்டு முடிச்சுத் தரணும்." 2011 தானே புயலில் நனைந்த நோட்டு. மை பரவியும் எழுத்து தெரிந்தது. கணவன் கடலுக்குப் போயிருக்க, கரையில் நிற்கும் பெண்ணின் பாட்டு. இரண்டாம் சரணத்தில் இரண்டே அடி, அப்புறம் புள்ளிகள்.

சின்ன ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவன் நான். சந்தம் கைவசம் இருக்கிற தைரியத்தில் மிச்ச இரண்டடியை நானே எழுதிப் பாட்டைப் பதிந்தும் விட்டேன். மகன் கையெழுத்துப் போட்டார். அது போதும் என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் வில்லியனூரிலிருந்து மகள் வந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கையில் ஒரு மளிகைக் கடைச் சிட்டை, அதன் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் மூன்றாம் அடி: "அலை ஓய்ந்தும் அவள் நிற்பாள்." நான் எழுதியிருந்தது, "அலை ஓய்ந்தால் அவன் வருவான்." என் பாட்டில் அவன் திரும்பிவிட்டான். அவருடைய அப்பாவின் பாட்டில் திரும்பவே இல்லை.

நம் பாரதிதாசனின் எழுத்து நாட்டுடைமை ஆனதால், மறைந்த கவிஞர் யாருடைய வரியும் பொதுச்சொத்து என்று நினைப்பவர்கள் புதுச்சேரிப் பக்கம் நிறைய. அப்படி இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் பங்குண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டப்படி வாரிசுரிமை போகும் குடும்பங்களும் இருக்கின்றன. அங்கே வக்கீலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். யூடியூபில் ஏற்றுகிற பாட்டு இந்தியாவோடு நிற்குமா?

இன்னொன்று, நாடகக்காரர்களின் நோட்டில் பக்கத்தின் தலையில் "இன்ன பாட்டின் மெட்டு" என்று குறிப்பு இருக்கும். சீர் எப்படி விழுகிறது என்று பார்க்க அது நல்ல துணை. ஆனால் அந்த மெட்டு வேறொருவருடையது. காதில் ஒட்டிக்கொண்டு நம் புது மெட்டுக்குள் நுழையப் பார்க்கும். நான் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு, ஒரு வாரம் ஆர்மோனியத்தைத் தொடமாட்டேன்.

இப்போதெல்லாம் முதல் வேலை, நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுப்பதுதான், அடித்த சொல் உட்பட. அப்புறம் ஒவ்வொரு வாரிசிடமும் "வேறு தாள் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறேன். நான் சேர்க்கும் அடி எது என்று ஒப்பந்தத்திலும் பாட்டுக் குறிப்பிலும் தனியே போடுகிறேன். வரியைச் சிதைத்துவிட்டதாக வாரிசுகள் வழக்குப் போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்தப் பாட்டை மறுபடி பதிந்தோம். என் இரண்டு அடியையும் எடுத்தாயிற்று. நான்காம் அடி இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஆர்மோனியம் மட்டும் போகிறது.