ஃபெண்டர் விளிம்பை மடக்கும் முன்: சூடு மட்டும் பெயிண்டைக் காப்பாற்றாது

பின்சக்கர வளைவின் உச்சியில் பெயிண்ட் பாளமாக உரிந்து, அடியில் பள்ளம் நிரப்பப் பூசியிருந்த பட்டி குறுக்கும் நெடுக்குமாக வெடித்து நின்ற இன்னொரு கார் சென்ற வாரம் பட்டறைக்கு வந்தது. உரிமையாளர் அகலமான அலாய் வீல் போட்டிருக்கிறார். குழியில் இறங்கும்போதெல்லாம் டயர், சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடான ஃபெண்டரின் உள்விளிம்பில் உரசுகிறது. அந்த விளிம்பை உருளை பொருத்திய ரோலர் கருவியால் மேல்நோக்கி மடக்கிவிட்டால் இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, கருவியை இரவல் வாங்கி வீட்டிலேயே வேலையை முடித்திருக்கிறார். "ஹீட் கன்னால் நன்றாகச் சூடு காட்டித்தானே செய்தேன், பிறகு எப்படி வெடித்தது?" என்று கேட்டார். கார்கள் மாறுகின்றன, ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மட்டும் மாறுவதில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்தச் சூடு விவகாரத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். சூடு காட்டினால் எந்தப் பெயிண்டும் ரப்பர் போல வளையும், வெடித்தால் சூடு போதவில்லை என்று பொருள், ஆகவே இன்னும் கொஞ்சம் காட்டியிருக்க வேண்டும் என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். இதில் உண்மை பாதிகூட இல்லை. தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயிண்ட், அடிப்பூச்சு முதல் மேலே பளபளப்புக்காகப் பூசும் நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லா அடுக்குகளும் சேர்ந்து, பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) தடிமன்தான் இருக்கும். அவ்வளவு மெல்லிய படலம், தகட்டோடு ஒட்டிப்பிடித்த நிலையில், இளஞ்சூட்டில் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். தகடு மெதுவாக வளைந்தால் கூடவே வளையும். ஆனால் ஒருமுறை மோதி, டிங்கரிங் செய்து, பட்டி போட்டு, மறுபடி பெயிண்ட் அடித்த இடத்தில் இருப்பது அந்தப் படலம் அன்று. அங்கே 1 மி.மீ., சில வேளைகளில் அதற்கும் அதிகமான தடிமனில், கெட்டியாக இறுகிப்போன பட்டி இருக்கிறது. இறுகிய பட்டி சூட்டில் மீண்டும் இளகி மாவாகிவிடுவதில்லை. விளிம்பு மடங்கும்போது அதிகமாக இழுபடுவது மடிப்பின் வெளிப்பக்கம். பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு அதிகமாக அதன் மேற்பரப்பு இழுபட்டாக வேண்டும். மெல்லிய படலம் தாங்கும் இழுவையைத் தடித்த பட்டி தாங்காது. நீங்கள் எவ்வளவு நேரம் சூடு காட்டினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

சூட்டைக் கூட்டிக்கொண்டே போவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஹீட் கன்னின் வாயிலிருந்து வரும் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. அதை ஒரே இடத்தில் பிடித்து நின்றால், முக்கால் மி.மீ. அளவே இருக்கும் தகடு சில நொடிகளில் எல்லையைக் கடந்துவிடும். கிளியர் கோட் மங்கும், கொப்புளிக்கும், அடிப்பூச்சு தகட்டின் பிடியை விடும். பெயிண்ட் பட்டறைகளில் மறுபூச்சு அடித்த பாகங்களைத் தகட்டின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்படி அரை மணி நேரம் வைத்துத்தான் உலர்த்துகிறோம். அந்த அளவு சூடு பெயிண்டுக்குக் கெடுதல் செய்யாது. விளிம்பு மடக்குவதற்கும் அதுவே போதும். கையை வைத்துப் பார்த்து "போதும்" என்று முடிவு செய்யாமல், அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபெண்டரை மடக்கத் துணிந்தவர், புதிதாகப் பெயிண்ட் அடிக்க ஆகும் செலவோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் யோசிக்கவே மாட்டார்.

மெல்லிய தகடு விரைவில் சூடாவது போலவே விரைவில் ஆறியும் விடும் என்பதை ஏனோ யாரும் நினைப்பதில்லை. ஹீட் கன்னைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து, ரோலரின் கைப்பிடியைத் தேடிப் பிடிப்பதற்குள் காட்டிய சூட்டில் பெரும்பகுதி போய்விடும். ஒருவர் சூடு காட்டிக்கொண்டே நகர, மற்றவர் பின்னாலேயே ரோலரை நகர்த்துவதுதான் முறை. தனியாளாகச் செய்வதானால் வளைவைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மீண்டும் மீண்டும் சூடு காட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். அலுப்பாக இருக்கிறது என்பதற்காக அவசரப்படும் இடத்தில்தான் பெயிண்ட் வெடிக்கிறது.

ஆகவே கருவியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது, பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியைச் சக்கர வளைவு முழுவதும் நகர்த்தி அளவெடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சீராக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டினால் நிம்மதியாகத் தொடங்கலாம். 200க்கு மேல் போனால் மறுபூச்சு என்று சந்தேகிக்க வேண்டும். 500ஐத் தாண்டிய இடத்தில் பட்டி இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, அந்த வளைவை மடக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அல்லது பெயிண்ட் போனால் போகட்டும், எப்படியும் மறுபடி அடிக்கப் போகிறேன் என்ற தெளிவோடு இறங்க வேண்டும். பழைய கார் வாங்கியவர்கள், இந்தக் கார் எங்கும் மோதியதில்லை என்று விற்றவர் சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பிப்பார்கள். விற்றவரை விடக் கருவியை நம்புவது நல்லது. கருவி கிடைக்காவிட்டால், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம்கூட ஓரளவு சொல்லிவிடும்: பட்டி தடித்திருக்கும் இடத்தில் அதன் பிடி தளரும். காந்தம் எங்குமே ஒட்டாவிட்டால் உங்கள் ஃபெண்டர் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். பிளாஸ்டிக்கை ரோலரால் மடக்கவே முடியாது. அலுமினியம் எஃகைவிட எளிதில் விரிசல் விடும் என்பதால் அதை வீட்டில் முயல வேண்டாம்.

விளிம்பின் ஓரத்தில் ஏற்கெனவே கல் பட்டுச் சில்லு விட்டிருக்கிறதா, துரு கொப்புளித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இடங்களில் பெயிண்டின் பிடி முன்பே போய்விட்டது. மடக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இதற்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டயர் உண்மையிலேயே விளிம்பில்தான் உரசுகிறதா? உரசும் இடத்தில் தேய்ந்து பளபளக்கும் தடம் நிச்சயம் இருக்கும். சக்கர வளைவின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் லைனரில், பம்பரைப் பிடிக்கும் ஸ்குரூவின் தலையில், சஸ்பென்ஷன் பக்கத்தில் எனப் பல இடங்களில் உரசல் நேரலாம். தளர்ந்துபோன ஸ்பிரிங் காரணமாகக் கார் தாழ்ந்திருக்கலாம். காருக்குப் பொருந்தாத ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) கொண்ட வீலை விற்றவர் உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். இவற்றில் எதற்கும் ஃபெண்டரை மடக்குவது மருந்தன்று. ஒரு அளவு குறைந்த டயரால் தீரும் சிக்கலுக்காகத் தகட்டை வளைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே அதிகம் வருகிறது.

முன் ஃபெண்டரும் பின் ஃபெண்டரும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் போல்ட்டில் நிற்கும் ஒற்றைத் தகடு. மோசமாகப் போனாலும் கழற்றி மாற்றிவிடலாம். பின்னது காரின் உடலோடு சேர்ந்தது. அதன் விளிம்பில் வெளித்தகடும் உள்வளைவுத் தகடும் ஸ்பாட் வெல்டிங்கில் இணைந்திருக்கும், இடையில் நீர் புகாதபடி சீலர் இருக்கும். அந்த இரட்டைத் தகட்டை மடக்கும்போது சீலர் விரிசல் விட வாய்ப்பு அதிகம். அப்படி விட்டால், வெளியே பெயிண்ட் கண்ணாடி போல இருக்கும். உள்ளே நீர் தேங்கித் தகடு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். பின் வளைவை மடக்கியவர்கள் புதிய சீலர் வைக்காமல் லைனரை மூடவே கூடாது. மேலும், எரிபொருள் நிரப்பும் குழாய் பல கார்களில் ஒரு பக்கப் பின் வளைவுக்குப் பின்னால்தான் போகிறது என்பதையும், அது பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதையும் மறந்துவிட்டு அங்கே ஹீட் கன்னைக் காட்டுபவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

வேலையைப் பற்றி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். லைனரைக் கழற்றி, விளிம்பின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சேற்றையும் மணலையும் கழுவித் துடையுங்கள். ரோலருக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கும் ஒரு மணல் துணுக்கு தகட்டில் தடம் பதிக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த ஹப்பில் கருவியை வீல் நட்டுகளால் ஆட்டமின்றி இறுக்குங்கள். ரோலரைச் சரிவாக, ஏறத்தாழ 45 டிகிரியில் வைத்து, விளிம்பை லேசாகத் தொடும் அழுத்தத்தில் வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்துங்கள். பிறகுதான் அழுத்தத்தையும் கோணத்தையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சூடு. ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வெளியே பிதுங்கி அலை போலத் தெரியும், அதைப் பெயிண்ட் கெடாமல் சரிசெய்வது எங்களுக்கே கடினம். மற்றொரு கையை வெளிப்பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அலை விரலுக்குத் தெரிந்துவிடும். பின்கதவை ஒட்டிய முனையில் இன்னும் மென்மையாக நடந்துகொள்ளுங்கள். அங்கே தகடு வெளியே தள்ளப்பட்டால் கதவின் இடைவெளி கெட்டுவிடும்.

விளிம்பு முழுவதும் தட்டையாகப் படிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாதி மடங்கியதும் நிறுத்தி, போதிய இடம் கிடைத்துவிட்டதா என்று அளந்து பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். பெயிண்ட் வெடிப்பது பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாத அந்தக் கடைசி மடிப்பில்தான். விளிம்பை மடக்குவதோடு நில்லாமல் ஃபெண்டரையே வெளியே இழுத்து அகலமாக்குவது வேறு வேலை. அதில் பெயிண்ட் தப்பும் என்று யாருக்கும் நான் உறுதி சொல்வதில்லை. டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையில் பேஸ்பால் மட்டையைச் செருகிக் காரை உருட்டி விளிம்பை மடக்கும் வித்தையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டினால் பெயிண்ட் வெடிக்காது என்பதும் கட்டுக்கதை. டேப் விரிசலை மறைக்கும், உரிக்கும்போது விரிசல் விட்ட பெயிண்டைக் கூடவே கொண்டுவரும்.

முடிந்த பிறகு தகட்டைத் தானாக ஆறவிடுங்கள். மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து மடிப்பின் ஓரம் முழுவதும் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றே பிரைமரும் டச்-அப் பெயிண்டும் வைத்து மூடுங்கள், உட்பக்க மடிப்பில் துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். சக்கரத்தை மாட்டி, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை இறுக்குங்கள். பின் இருக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கி, புதிய உரசல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். அப்போதே மடிப்பின் ஓரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் முதல் நாள் கண்ணில் படாத விரிசல் சில வேளைகளில் ஓடிய பிறகே வெளியே தெரியும்.