ஷெல்: தமிழில் ஓடு

முட்டைக்கும் ஆமைக்கும் இருப்பதைத்தான் ஆங்கிலத்தில் ஷெல் என்கிறார்கள். நாம் தட்டும் கட்டளையை வாங்கிப் பொருள் பிரித்து, இயங்குதளத்தின் மையமான கருவிடம் (கெர்னல்) சொல்லி வேலையை முடித்துத் தரும் நிரலுக்கும் அதே பெயர். உள்ளே பருப்பு, வெளியே ஓடு என்ற கற்பனை.

பெயர் சூட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். 1960-களின் முற்பாதியில் எம்.ஐ.டி.யில், கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் 'ரன்காம்' நிரலை எழுதினார். (பாஷ் என்ற ஷெல்லின் அமைப்புக் கோப்பான 'பாஷ்ஆர்சி'யின் வாலில் தொங்கும் 'ஆர்சி' அதன் மிச்சம்தான்.) அதே எண்ணத்தை மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக விரித்தபோது ஷெல் பிறந்தது. பிறகு யூனிக்ஸ் அதை ஊரறியச் செய்தது.

தமிழில் என்ன சொல்வது? உறை என்றால் மூடுவது மட்டும்தான் தெரிகிறது. கூடு என்றால் குடியிருக்கும் இடமாகிவிடுகிறது. என் வாக்கு ஓட்டுக்கே. காரணம் புளியம்பழம். காயில் ஓடு சதையோடு ஒட்டிக்கிடக்கும். பழுத்தால் தானே விலகி நிற்கும். கணினி ஓட்டின் கதையும் அதுவே.

கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் காய்ப்பருவம். அதன் கட்டளை நிரல் தனிக் கோப்பாக இல்லை. வட்டின் அமைப்புத் தடங்களில் புதைந்திருந்தது. பொழுதுபோக்காகக் கணினி குடைந்தவர்கள் அதற்கு மாற்றாக இசட்சிபிஆர் எழுதியபோது, பழையது இருந்த அதே 2 கிலோபைட் இடத்துக்குள் புதியதை அடக்கி ஒட்டவேண்டியிருந்தது. பின்னர் வந்த டாஸ் இயங்குதளத்தில் பழம் பழுத்துவிட்டது. 'சி' என்ற எழுத்தோடு திரையில் காத்திருந்ததையே டாஸ் என்று பலர் நினைத்தார்கள், அது கமாண்ட்.காம் என்ற தனிக் கோப்பு, வெறும் ஓடு. கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் 'ஷெல்=' என்று தொடங்கும் ஒரு வரியைத் திருத்தினால் அதைக் கழற்றி வைத்துவிட்டு 4டாஸ் என்ற வேறோர் ஓட்டினை மாட்டலாம்.

டாஸுக்கு இணையான இலவச இயங்குதளமான ஃப்ரீடாஸை மெய்நிகர் கணினியில் நிறுவி, அந்த வரியில் உரைத்திருத்தியின் பெயரை எழுதிப் பார்த்தேன். கணினி விழித்ததும் நேரே உரைத்திருத்தி வந்தது. அதை மூடியதும், கட்டளை நிரல் பழுது அல்லது காணவில்லை, முழுக் கட்டளையைத் தட்டு என்று திரை கேட்டது. ஓடு இல்லாத பருப்பு பேசிய பேச்சு அது! கமாண்ட்.காம் இருக்கும் பாதையைத் தட்டினேன். பழைய 'சி' திரும்பி வந்தது.

'ஓடு' என்றால் நிரலை இயக்கச் சொல்லும் ஏவலாகவும் படுமே என்பார்கள். 'கட்டளை ஓடு' என்று எழுதினால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். வேற்றுமை உருபு சேரும்போதுதான் சிக்கல்: 'ஓட்டை மாற்றினேன்' என்றால் பாதுகாப்பில் ஏதோ பொத்தல் என்று வாசகர் பதறுவார். அங்கே மட்டும் இன் சாரியை சேர்த்து 'ஓட்டினை' என்று எழுதிக்கொள்ளலாம்.